கிராஃபின் இடது ஓரம்

மீஞ்சூர்

அன்புள்ள கதிரவன்,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். ஆர்க்டிக் பனி 2012-க்குப் பிறகு குறையவில்லை, அன்டார்க்டிக் பனி வளர்ந்திருக்கிறது, ஆகவே பருவநிலை மாற்றம் என்பதே காற்றாலைக்காரர்கள் கிளப்பிவிட்ட கதை என்று அந்த ஆள் அடித்துப் பேசுகிறார். வள்ளூர் அனல் மின் நிலையத்தில் உங்கப்பா வேலை பார்க்கிறார். அந்தச் சம்பளத்தில் படிக்கிற உனக்குக் கேட்க இதமாகத்தான் இருந்திருக்கும். “இவர் சொல்வது பொய்யா மாமா?” என்கிறாய். முதல் வரி பொய் இல்லை. இரண்டாவது வரி 2014 வரை பொய் இல்லை. அதனால்தான் போனில் சொல்லாமல் எழுத உட்கார்ந்தேன்.

கடற்பனியைச் செயற்கைக்கோள்கள் தொடர்ச்சியாக அளப்பது 1979 வாக்கிலிருந்துதான். குறுகிய காலம் என்று நீ குறை சொன்னால் ஒத்துக்கொள்வேன். கோடை உருகல் முடிந்து பனி மிகக் குறைவாக இருக்கும் மாதம் செப்டம்பர். 1979 செப்டம்பரில் ஆர்க்டிக்கில் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர் பனி இருந்தது. 2012-இல் அது சுமார் 34 லட்சத்துக்கு இறங்கியது. அதற்குக் கீழே இதுவரை போகவில்லை. இருப்பதிலேயே பள்ளமான வருஷத்தில் கிராஃபைத் தொடங்கினால் அப்புறம் வருவதெல்லாம் மேடாகத்தானே தெரியும்? பூண்டி ஏரியை மே மாதக் கடைசியில் அளக்கத் தொடங்கி, டிசம்பரில் நிறுத்திவிட்டு, ஏரி நிரம்பிக்கொண்டே போகிறது என்பது போல.

கோடே போடாமல் ஒரு கணக்குப் பார். 1980-களில் எந்தச் செப்டம்பரிலும் பனி 60 லட்சத்துக்குக் கீழே போகவில்லை. 2007-லிருந்து எந்தச் செப்டம்பரிலும் 55 லட்சத்தைத் தொடவில்லை. இப்போதைய நல்ல வருஷம் அப்போதைய மோசமான வருஷத்தைக்கூட எட்டவில்லை.

அன்டார்க்டிக் விஷயம் வேறு. 2014 செப்டம்பரில் அங்கே பனி முதல் முறையாக 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. குறையும் என்று கணினி மாதிரிகள் சொல்ல, பனி கூடியது. விஞ்ஞானிகள் விளக்கம் சொல்லத் திணறினார்கள். அதைச் சுட்டிக்காட்டியவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. பிறகு 2016-லிருந்து சரிந்து, 2023 பிப்ரவரியில் 18 லட்சத்துக்கும் கீழே, அளக்கத் தொடங்கிய நாளிலிருந்து அதுவரை காணாத அளவுக்குப் போனது. உன் வீடியோவில் கிராஃப் 2014-இல் முடிந்துவிடுகிறது. வலது ஓரத்தையும் யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்று. மிதக்கிற கடற்பனி உருகுவதால் கடல் மட்டம் உயர்ந்துவிடாது. கடற்பனி உருகும் படத்தைக் காட்டிப் பழவேற்காடு மூழ்கப்போகிறது என்று யாராவது பயமுறுத்தினால் அவரையும் நிறுத்திக் கேள். கடலை உயர்த்துவது நிலத்தின்மேல் கிடக்கும் பனி, அப்புறம் சூடேறி விரியும் நீர்.

பெரிய இடத்திலும் சறுக்கல் உண்டு. இமயப் பனியாறுகள் 2035-க்குள் காணாமல் போகக்கூடும் என்று ஐ.நா.வின் ஐபிசிசி குழு 2007 அறிக்கையில் எழுதிவிட்டது. பனியாறுகள் அப்படி அசாதாரண வேகத்தில் பின்வாங்குவதற்குச் சான்று இல்லை என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் உயர் பதவியில் இருந்து ஓய்வு பெற்ற வி.கே.ரெய்னா 2009-இல் ஓர் அறிக்கை தயாரித்தார். அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை வெளியிட்டார். குழுவின் தலைவர் பச்சௌரியோ அதை மாந்திரீக விஞ்ஞானம் என்று எள்ளினார். 2010 ஜனவரியில் குழுவே 2035 தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. அந்த எண்ணின் வேரைத் தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தது ஆய்வுக் கட்டுரை அல்ல, பத்திரிகைப் பேட்டி! கிழவர் ரெய்னாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் உடைந்தது தேதிதான். பனியாறுகள் உருகுவது நிற்கவில்லை. பின்னால் வந்த அளவீடுகள் இமயத்தின் பெரும்பகுதியில் இழப்பு கூடியதையே காட்டின.

உன் சந்தேகத்துக்கு நிறைய வேலை இருப்பது மின்சாரக் கொள்கையில். கமுதி சூரிய மின் நிலையம் 648 மெகாவாட் என்பார்கள். வள்ளூர் மூன்று 500 சேர்ந்து 1,500. இரண்டையும் அப்படியே ஒப்பிடாதே. மெகாவாட் என்பது திறன், நாம் காசு கொடுப்பது யூனிட்டுக்கு. சூரியத் தகடு ஒரு வருஷத்தில் தருவது, முழுத் திறனில் இரவும் பகலும் ஓடினால் கிடைப்பதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. முப்பந்தல் காற்று மே முதல் செப்டம்பர் வரை அள்ளிக் கொடுக்கும், பிறகு படுத்துவிடும். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகல் மிச்சத்தைக் கொண்டு நீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கிக் கொடுக்கும் காடம்பாறையின் திறன் வெறும் 400. பொழுது சாய்ந்தபின் இடைவெளியை நிரப்புவதில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரிக்குத்தான். இதைச் சொல்வதால் நீ பசுமைக்கு விரோதி ஆகிவிட மாட்டாய்.

நிலக்கரியையும் அதே மாதிரி குடைய வேண்டும். புகையில் கந்தகத்தைக் குறைக்க 2015 டிசம்பரில் மத்திய அரசு விதி போட்டு, இரண்டு வருஷம் கெடு கொடுத்தது. கெடு நீண்டுகொண்டே போய், 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கிடைத்துவிட்டது. கந்தக நீக்கி இல்லாத நிலையங்களைச் சுற்றியும் காற்றில் சல்ஃபர் டை ஆக்சைடு வரம்புக்குள்தான் இருக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பதும் மெய்தான். ஆனால் அத்தனை உயரத்துக்குப் புகைபோக்கி கட்டுவது எதற்கு? பக்கத்தில் விழாமல் தூரம் போகத்தானே! போகிற வழியில் அந்த வாயு சல்ஃபேட் நுண்துகளாக மாறுகிறது. வாசலில் வாயுவை மட்டும் அளந்தால் துகள் எப்படி அகப்படும்? மீட்டர் பழுதுபார்த்துப் பிழைத்தவன் நான்; எண்ணைப் பார்க்கும் முன் கருவியை எங்கே வைத்தார்கள் என்றுதான் பார்ப்பேன். எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்த சாம்பலுக்கோ கருவியே வேண்டாம்.

கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கு ஒரு யோசனை. ஒவ்வொரு நிலையமும் எத்தனை யூனிட் உற்பத்தி செய்தது என்று மத்திய மின்சார ஆணையம் தினமும் அறிக்கை வெளியிடுகிறது. வள்ளூரின் ஏப்ரலையும் ஜூலையையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வை. காற்று வீசும் மாதத்தில் நிலக்கரி எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும். பராமரிப்புக்காக அந்த மூன்று இயந்திரங்களில் ஏதாவது நின்றிருந்தால் அந்த நாட்களைத் தனியாகக் குறித்துக்கொள். இல்லாவிட்டால் அதையும் காற்றின் கணக்கில் சேர்த்துவிடுவாய். எது எப்போது நின்றது என்று உங்கப்பாவைக் கேள், அவருக்குத் தெரிந்திருக்கும்.

அன்புடன்,
மாமா