வருத்தம் வருமுன் போக வேண்டிய கிளினிக்

எங்கள் டிவிஷனில் ஒரு அம்மா இருந்தார். பெயர் வேண்டாம். அவருக்கு 45 வயதானபோது மிட்வைப் மிஸ் லயத்துக்கே வந்து, சுவநாரி கிளினிக்குக்கு வரச்சொல்லி ஒரு துண்டு கொடுத்தார். அது கொழுந்து மும்முரமான காலம். "எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே மிஸ், சும்மா எதுக்கு அரைப்பேர விடணும்?" என்று கேட்டுவிட்டு, துண்டைச் சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தார்.

50 வயதில் தீட்டு நின்றது. இரண்டு வருஷம் கழித்துத் திரும்பவும் இரத்தம் பட்டது. "ஒடம்பு இன்னும் எளமையாத்தான் இருக்கு" என்று பக்கத்துக் காம்பராக்காரி கேலி பேச, இவரும் சிரித்தார். கொஞ்சம் கொஞ்சமாக நாற்றமுள்ள வெள்ளை, இடுப்பு வலி, ஒரு கால் வீக்கம். மகரகமைக்குக் கூட்டிப் போனபோது நானும் வேனில் கூடப் போனேன். அவருடைய காரியம் முடிந்து வீட்டை ஒதுக்கும்போது அந்தத் துண்டு மகள் கையில் அகப்பட்டது.

அவருக்கு வந்தது கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். கர்ப்பப்பையின் வாயில் வருவது. இது ஒரு நாளில் வருகிற நோயல்ல. அதைக் கொண்டு வருவது ஹியூமன் பபிலோமா வைரஸ் என்ற கிருமி, சுருக்கமாக எச்.பி.வி. இதைக் கண்டுபிடித்ததற்காக ஹரால்ட் சூர் ஹவுசன் என்ற ஜேர்மன் டொக்டருக்கு 2008ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமியில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. 16, 18 என்று நம்பர் போட்ட இரண்டு வகைகள்தான் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் நூற்றுக்கு எழுபது பங்குக்குக் காரணம். 6, 11 என்ற வகைகள் மர்ம இடத்தில் மரு உண்டாக்கும். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அந்த மரு பெருக்கலாம். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் அது புற்றுநோயாக மாறுவதில்லை. வெட்கப்பட்டு மறைக்காமல் கிளினிக்கில் காட்டினால் வைத்தியம் உண்டு.

கிருமி தொற்றுவது உடலுறவின் மூலம். தோலோடு தோல் படுவதே போதும். அதனால் கொண்டம் ஆபத்தைக் குறைக்குமே தவிர முழுதாகத் தடுக்காது. இதைக் கேட்டவுடன் யாரும் பயப்பட வேண்டாம். குடும்பம் நடத்துகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்க்கையில் எப்போதோ ஒரு தடவை இது தொற்றித்தான் போகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருஷத்துக்குள் உடம்பே விரட்டிவிடும். அவருக்குத் தெரியவும் மாட்டாது. மிச்சமுள்ள சிலருக்குத்தான் கிருமி தங்கி, கர்ப்பப்பை வாயின் தோலை மெதுவாக மாற்றுகிறது. அது புற்றுநோயாக மாற 15, 20 வருஷம் செல்லும். அத்தனை வருஷமும் வலி கிடையாது, இரத்தம் கிடையாது. அதனால்தான் வருத்தம் இல்லாதபோதே வரச்சொல்லுகிறார்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். இதை ஆண்களும் வாசிக்க வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பிள்ளைக்குச் சோதனையில் கொஞ்சம் வித்தியாசம் கண்டு, திரும்ப வரச்சொல்லிக் கடிதம் வந்தது. கிருமி எப்படித் தொற்றுகிறது என்று யாரோ புருசனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். "யார்கிட்டடி வாங்கின?" என்று லயமே கேட்கிற மாதிரி சத்தம். நான் போனபோது அந்தப் பிள்ளை பாயில் சுருண்டு படுத்திருந்தது. கடிதம் அடுப்பில் எரிந்து போயிருந்தது.

ஐயாமாரே, கிருமி எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டொக்டராலும் சொல்ல முடியாது. பத்து வருஷம், அதற்கும் மேலாகச் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் பிறகு தெரியவரும். கலியாணத்துக்கு முன்பு ஆணுக்கு வந்திருக்கலாம். ஆணின் உடம்பில் பெரும்பாலும் ஒரு அடையாளமும் காட்டாது. ஒரே புருசனோடு வாழ்ந்த பெண்ணுக்கும் இது வருகிறது. அந்தக் கடிதம் யாருடைய நடத்தைக்கும் சாட்சியல்ல. பெண்ணைக் காப்பாற்ற இன்னும் நேரம் இருக்கிறது என்பதுதான் அதன் அர்த்தம். நான் இரண்டு தடவை போய்ப் பேசிய பிறகு அந்தத் தம்பி, தானே பொஞ்சாதியைக் கூட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனார். வினாகிரி மாதிரி ஒரு மருந்தைத் தடவினார்கள். மாறியிருந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. அந்த இடத்தை மட்டும் எடுத்தார்கள். கர்ப்பப்பையை எடுக்கவில்லை. கொஞ்ச வாரம் உடலுறவு வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம் என்றார்கள். அவ்வளவுதான். இப்போது அந்தப் பிள்ளை மலைக்குப் போகிறது.

சோதனை எப்படி என்று பலர் என்னிடம் காதோடு கேட்கிறார்கள். நானும் 45 வயதில் செய்துகொண்டேன். பயந்துதான் போனேன். மறைப்புக்குள் கட்டிலில் படுக்க வேண்டும். ஒரு சிறிய கருவியை வைத்து, ஐஸ்கிறீம் குச்சி போன்ற ஒன்றால் கர்ப்பப்பை வாயைத் தடவி, கண்ணாடித் துண்டில் பூசுகிறார்கள். அதற்குப் பெயர் பெப் சோதனை. கொஞ்சம் அசௌகரியம் உண்டு, வெட்டு இல்லை, ஊசி இல்லை. என்னை விட்டு எழும்பச் சொன்னபோது "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டேன். தீட்டு நாட்களில் போக வேண்டாம். முதல் இரண்டு நாள் உடலுறவைத் தவிர்க்க வேண்டும், உள்ளே கழுவவும் கூடாது. காசு இல்லை. அரசாங்கம் 1996ஆம் ஆண்டு தொடங்கிய இந்தக் கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களை அழைக்கிறார்கள். மார்பு, பிரஷர், சீனி எல்லாம் அதே நாளில் பார்த்துவிடுவார்கள்.

ஆனால் உடலுறவுக்குப் பின் இரத்தம், இடையில் இரத்தம், தீட்டு நின்ற பிறகு இரத்தம், நாற்றமுள்ள வெள்ளை, இவற்றில் ஒன்று இருந்தாலும் வயதையும் துண்டையும் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. அன்றைக்கே டொக்டரிடம் போக வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு ஊசி இருக்கிறது. 2017ஆம் ஆண்டிலிருந்து ஆறாம் தரத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் இலவசமாகப் போடத் தொடங்கினார்கள். கிருமி தொற்றுவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன் என்பதால் அந்த வயது. "இது புள்ள பெறாம ஆக்குற ஊசியாம்" என்ற பேச்சு லயத்தில் நடக்கிறது. குடும்பக் கட்டுப்பாடு விஷயத்தில் நமது சனங்களுக்குப் பழைய கசப்பு இருக்கிறது; சந்தேகப்படுகிறவர்களை நான் ஏசமாட்டேன். ஆனால் இந்த ஊசியில் இருப்பது கிருமியின் மேலோடு மாதிரிச் செய்த ஒரு புரதம் மாத்திரம். உயிருள்ள கிருமி அதில் இல்லை. கர்ப்பப்பைக்கு அது ஒன்றும் செய்யாது. சம்மதக் கடிதம் வந்தால் கையெழுத்துப் போடுங்கள். ஊசி போட்ட பிள்ளையும் வளர்ந்த பிறகு பெப் சோதனைக்குப் போகத்தான் வேண்டும், ஏனென்றால் எல்லா வகைக்கும் அந்த ஊசி காவல் இல்லை.

அரைப்பேர் விஷயம் எனக்குத் தெரியும். அது சின்னக் காசு என்று நான் சொல்லமாட்டேன். கொழுந்து குறைந்த நாளில் கிளினிக்கை வைக்கும்படி மிட்வைப் மிஸ்ஸிடமும் ஒப்பீசிலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். துண்டு கிடைத்தவர்கள் முதல் நாளே கங்காணிக்குச் சொல்லிவிடுங்கள். தனியாகப் போகக் கூச்சமென்றால் பிள்ளைக்காம்பராவில் என்னைத் தேடுங்கள், நான் கூட வருகிறேன். அடையாள அட்டையையும் பழைய கிளினிக் கொப்பியையும் மறக்காமல் கொண்டு வர வேண்டும்.