நனோத் துணிக்கையும் அதன் சந்தையும்

ஒரு பொருளைக் கூறுபடுத்துந்தோறும் அதன் நிறை மாறுவதில்லை. மேற்பரப்போ பெருகிக்கொண்டே செல்லும். இவ்வெளிய உண்மையே இன்று உலகச் சந்தையில் நனோத் துணிக்கைகள் பெற்றுள்ள மதிப்பிற்கு அடிப்படையாகும். நனோ என்பது குள்ளன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு கூறு நனோமீற்றர். ஒன்று முதல் நூறு நனோமீற்றர் வரை அளவுடையவற்றை நனோத் துணிக்கைகள் என்பர்.

மாணவர் ஈண்டு ஒரு கணக்கைச் செய்து பார்ப்பாராக. ஒரு சென்ரிமீற்றர் பக்கமுடைய சதுரமுகியின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதனை ஒரு நனோமீற்றர் பக்கமுடைய சதுரமுகிகளாக வெட்டின், அவற்றின் மேற்பரப்பெல்லாம் சேர்ந்து 6,000 சதுர மீற்றராகும். அஃதாவது ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர். விரல் நுனியில் அடங்கிய பொருள் ஒரு தோட்டக் காணியளவு விரிந்துவிடுகின்றது. வாங்குவோர் பெரும்பாலும் விலை கொடுப்பது இம்மேற்பரப்பிற்கே என்க.

முதலாவது, ஊக்கித் தொழிலை நோக்குவோம். தான் செலவாகாது இரசாயனத் தாக்கத்தை விரைவுபடுத்தும் பொருள் ஊக்கி. மோட்டார் வண்டியின் புகைக்குழாயிலே, தேன்கூடு போன்ற பீங்கான் சட்டத்தின்மேல், பிளாற்றினம், பலேடியம், றோடியம் ஆகிய உலோகங்கள் நனோத் துணிக்கைகளாகப் பரப்பப்பட்டுள்ளன. அவை நச்சுடைய காபனோரொட்சைட்டைக் காபனீரொட்சைட்டாகவும், நைதரசன் ஒட்சைட்டுக்களை நைதரசனாகவும் மாற்றும். 2021 ஆம் ஆண்டில் ஓர் அவுன்சு றோடியம் 20,000 டொலருக்கு மேல் விலைபோயிற்று. இத்தகைய உலோகத்தைக் கட்டியாக வைப்பின், உள்ளே மறைந்த அணுக்கள் வேலை செய்யா. ஆதலின் நுண்மையே சிக்கனமாகின்றது. ஆயினும் கடும் வெப்பத்தில் துணிக்கைகள் திரண்டு பருத்துவிடும். அவற்றைத் திரளவிடாது காக்கும் வித்தையே அத்தொழிலின் உயிர்நாடி.

இரண்டாவது, சக்தித் துறை. இலிதியம் இரும்புப் பொசுபேற்று மின்கலத்திற்கு உதவும் என்பதை 1997 இல் ஜோன் குடினஃப் என்பாரின் குழுவினர் காட்டினர். இரும்பும் பொசுபரசும் மலிவானவை. அச்சேர்வையோ மின்னை எளிதிற் கடத்தாது. அதனை மிகச் சிறு துணிக்கைகளாக்கிக் காபன் பூசியபோது, இலிதியம் அயன் செல்லவேண்டிய வழி குறுகிற்று. மின்னும் தடையின்றி ஓடிற்று. இன்று மின்சார வண்டிகள் பல இம்மின்கலத்தால் இயங்குகின்றன.

மூன்றாவது, கட்டமைப்புத் துறை. றப்பர் இயல்பிற் கரியதன்று. ரயர் கருமையாயிருத்தல் அதிற் சேரும் நுண்ணிய புகைக்கரியினாலாகும். அஃது றப்பரைப் பிணித்துத் தேய்வைக் குறைக்கும். ஆண்டுதோறும் ஒரு கோடி தொன்னுக்கு மேல் உற்பத்தியாகும் இதனைச் சேர்ப்பதா விடுப்பதா என்பதைப் பொறுத்தே நனோச் சந்தையின் மொத்த மதிப்பு மலையாகவோ மடுவாகவோ தோன்றும். சந்தைக் கணக்கைப் படிப்போர், எவற்றை எண்ணினர் என்று முதலில் வினாவுதல் வேண்டும்.

புதுமை மட்டும் சந்தையை உண்டாக்குமோ? உண்டாக்காது. காபன் நனோக் குழாய் உருக்கினும் வலியது எனப் புகழப்பட்டது. ஜேர்மனியின் பேயர் நிறுவனம் 2010 இல் லெவர்குசனில் ஆண்டுக்கு 200 தொன் ஆக்கவல்ல ஆலையைத் திறந்து, 2013 இல் அம்முயற்சியைக் கைவிட்டது. எதிர்பார்த்த பயன்கள் விரைவிற் கனியவில்லை. அதே குழாய் பின்னர் மின்கலத்தினுள் மின்கடத்தும் சேர்க்கையாக இடம்பெற்றது. 2021 இல் கொரியாவின் எல்ஜி கெம் நிறுவனம் 1,200 தொன் ஆலையொன்றை இயக்கலாயிற்று. சிறிதளவு சேர்த்தாற் பெருங்குறை நீங்கும் இடத்திலேயே விலையுயர்ந்த பொருள் நிலைபெறும் என்பது இதனாற் பெறப்படும்.

நுண்மைக்கு மறுபக்கமும் உண்டு. காற்றிற் கலந்த இத்துணிக்கைகள் நுரையீரலின் ஆழம் வரை செல்லவல்லன. ஆகவே, ஆலைத் தொழிலாளரைக் காத்தலும் விற்பனையாளர் கடனாகும்.

எம் நாட்டிற்கும் இதிற் பங்குண்டு. போகலச் சுரங்கத்தில் உயர்ந்த காரீயம் அகழப்படுகின்றது. புல்மோட்டைக் கடற்கரை மணலிலே தைத்தேனியத்தின் தாதாகிய இல்மனைற்று உள்ளது. தாதாகக் கப்பலேற்றும்போது நிறைக்கே விலை கிடைக்கும். ஒரே அளவும் தூய்மையும் தவறாத துணிக்கையாக்கி விற்போர்க்கு அறிவிற்கும் விலை கிடைக்கும். 2008 இல் நிறுவப்பட்ட இலங்கை நனோ தொழினுட்ப நிறுவகம் உள்நாட்டுக் காரீயத்திலிருந்து கிறபீன் ஆக்க முயன்றமை நன்முயற்சியே. அம்முயற்சி பெருகவேண்டின், தராசையும் வெப்பமானியையும் பிழையின்றி நோக்கப் பயின்ற இளைஞர் பலர் வேண்டும். அப்பயிற்சி தொடங்குமிடம் பாடசாலை ஆய்கூடமே. அதனைக் குறைவின்றிப் பேணுதல் பழைய மாணவர் அனைவர்க்கும் உரிய பணியாகும்.