சுழலும் இராட்டையை எப்படி வரைவது?

மாணவர்களே! இராட்டையில் நூல் நூற்கும் பெண்ணை வரையச் சொன்னால், சக்கரத்தின் ஆரக்கால்களை எப்படி வரைவீர்கள்? நம்மில் பலர் எண்ணி எண்ணி அழுத்தமான கோடுகளாக வரைந்துவிடுவோம். ஆனால் அந்தச் சக்கரம் நின்றுகொண்டல்லவா இருக்கும்!

ஸ்பெயின் நாட்டு ஓவியர் வெலாஸ்கெஸ் (1599–1660) அப்படி வரையவில்லை. அவர் தம் இறுதி ஆண்டுகளில் தீட்டிய 'நூற்கும் பெண்கள்' என்ற ஓவியம் மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் இடப்பக்கத்தில் முக்காடிட்ட மூதாட்டி ஒருத்தி இராட்டை சுற்றுகிறாள். சக்கரத்தின் விளிம்பு தெரிகிறது, ஆரக்கால்களைக் காணோம்! அங்கே மெல்லிய மினுக்கம் மட்டுமே இருக்கிறது.

காரணம் என்ன? கண்ணில் விழுந்த ஒளியின் பதிவு உடனே மறைவதில்லை. சிறிது நேரம் நீடிக்கிறது. இதுவே பார்வை நிலைப்பு. 12 ஆரக்கால்கள் கொண்ட சக்கரம் நொடிக்கு 2 முறை சுற்றுவதாகக் கொள்வோம். ஓர் இடத்தை நொடிக்கு 24 ஆரக்கால்கள் கடக்கும். மங்கலான அறையில் அவற்றைக் கண்ணால் பிரித்தறிய இயலாது. விளிம்போ, ஒரு பகுதி நகர்ந்ததும் அதேபோன்ற மறுபகுதி அவ்விடத்துக்கு வருவதால், நிலையாகத் தெரிகிறது.

ஆரக்காலின் அகலம் 2 செ.மீ. என்போம். மையத்திலிருந்து 30 செ.மீ. தொலைவில் சுற்றளவு சுமார் 188 செ.மீ.; அதில் மரம் 24 செ.மீ. மட்டுமே. எஞ்சிய இடைவெளி வழியே பின்னணி ஒளி வந்துவிடுகிறது. 5 செ.மீ. தொலைவிலோ சுற்றளவு சுமார் 31 செ.மீ.தான். ஆகவே அச்சின் அருகே மறைப்பு மிகுதி. விளிம்பை நோக்கிச் செல்லச் செல்ல அது குறைகிறது.

வேலி இடுக்குகளின் வழியே பார்த்தால் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் வளைந்து தெரிவது ஏன் என்று ரோஜெட் என்ற அறிஞர் 1824-இல் இலண்டனில் விளக்கினார். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்பே ஓர் ஓவியர் சுழலும் சக்கரத்தைக் கூர்ந்து நோக்கியிருக்கிறார்!

நீங்களும் செய்து பாருங்கள். கொல்லிமலையின் எடப்புளி நாட்டில் இருந்தாலும் ஒரு மிதிவண்டி போதும். அதைத் தலைகீழாக நிறுத்திப் பின்சக்கரத்தைச் சுழற்றுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் பெரிய எழுத்துகள் எழுதிய தாளைப் பிடித்தால் படிக்க முடிகிறதா? விரலைச் சக்கரத்தினருகே கொண்டுபோகாதீர்கள்.

ஊசல் சோதனையில் விடை 9.8 வரவேண்டும் என்பதற்காக அளவீடுகளைத் திருத்தி எழுதும் மாணவர்களை ஆண்டுதோறும் காண்கிறேன். ஆரக்கால்கள் இருப்பது வெலாஸ்கெசுக்கும் தெரியும். எனினும், தெரிந்ததை விட்டுக் கண்டதை வரைந்தார். உங்கள் குறிப்பேட்டிலும் முதலில் கண்டதை எழுதுங்கள். காரணத்தைப் பிறகு தேடலாம்.