எஞ்சின் எண்ணெயில் இன்னுமொரு போத்தலா?

உதிரிப்பாகக் கடைகளில் எஞ்சின் எண்ணெயின் அருகே ‘அடிட்டிவ்’ எனப்படும் சேர்மானப் போத்தல்களும் அடுக்கப்பட்டிருக்கக் காண்கின்றோம். தேய்மானம் நிற்கும், புகை மறையும் என்பன அவற்றின் வாக்குறுதிகள். வாடகை வான் ஒன்றையே சீவனோபாயமாகக் கொண்ட குடும்பத்தார் இவற்றுக்குப் பணஞ் செலவிடலாமோ என்பதை ஆராய்வோம்.

தரமான எண்ணெயில் அழுக்ககற்றியும் துருத்தடுப்பியும், நாகமும் பொசுபரசும் கொண்ட தேய்வுத்தடுப்பியும் ஏலவே அளவறிந்து கலக்கப்பட்டுள்ளன. மேலும் ஊற்றுவது அச்சமநிலையைக் குலைக்கக் கூடும். பொசுபரசு மிகுந்தால் புகைக்குழாயின் ஊக்கி கெடுமென்பதை இரசாயனம் பயின்றோர் அறிவர். ‘சிலிக் 50’ என்னும் சேர்மானத்தின் விளம்பரங்கள் ஆதாரமற்றவையென அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்ட, அதனை விற்றோர் 1997 இல் அத்தகைய கூற்றுகளைக் கைவிட இணங்கினர்.

நம் கரையோரத்தில் வேறொரு தீங்குண்டு. கல்முனையிலிருந்து மருதமுனைக்கும் சாய்ந்தமருதுக்குமாய் ஓடும் வண்டி நன்கு சூடேறுமுன்னரே நிறுத்தப்படுகின்றது. எண்ணெயிற் கலந்த நீரும் பெற்றோலும் ஆவியாகாது தங்கி, நாளடைவிற் சேறு திரளும். இதற்கு மருந்து போத்தலன்று. கைந்நூல் குறித்த கிலோமீற்றர் ஓடாவிடினும், குறித்த மாதத்தில் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றுவதே.

நீலப்புகை வருமாயின் பிஸ்டன் வளையங்களோ வால்வு சீல்களோ தேய்ந்திருக்கும். தடித்த சேர்மானம் அப்புகையைச் சின்னாள் மறைக்கும். பழைய வண்டியை விற்பார்க்கு அது உதவும், வாங்குவார்க்கன்று. ஆதலின் வாங்குமுன் மெக்கானிக்கைக் கொண்டு பிளக்குகளைக் கழற்றி, எண்ணெய் படிந்துளதா எனப் பார்த்தல் வேண்டும்.