‘பிசீஜ்’: காஞ்சி மதிலருகே ஒரு வினைச்சொல்



‘பிசீஜ்’ என்னும் ஆங்கில வினைச்சொல், ஒரு கோட்டையையோ மதில் சூழ்ந்த ஊரையோ படை வளைத்துக்கொண்டு, உள்ளே இருப்பவர்கள் பணியும்வரை அசையாமல் கிடப்பதைக் குறிக்கும். ‘உட்கார்’ என்று பொருள்படும் லத்தீன் வேர் பழைய பிரெஞ்சு வழியாக இதற்குள் வந்து சேர்ந்திருக்கிறது. பாய்ந்து தாக்குவதைவிடக் காத்திருப்பதுதான் இங்கே பெரிய வேலை: உள்ளே நெல் தீரவேண்டும், வெளியே பொறுமை தீரக்கூடாது. தமிழில் இது முற்றுகை. மதிலை வளைப்பதையும் காப்பதையும் தொல்காப்பியம் உழிஞை என்ற ஒரே திணையில் அடக்கியது. பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை காப்பதை மட்டும் நொச்சி என்று பிரித்தது. ஆங்கில வினைக்கு எழுவாய் வெளியே நிற்பவன்தான்.

இந்த வினை எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதற்குப் பல்லவர் காலக் காஞ்சியே போதும். 634-35இல் ரவிகீர்த்தி இயற்றிய ஐஹொளெக் கல்வெட்டு, சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியின் படை கிளப்பிய புழுதியில் ஒளி மங்கிய பல்லவ மன்னன் காஞ்சி மதிலுக்குள் மறைந்துகொண்டதாகச் சொல்கிறது. சொன்ன கையோடு புலிகேசியைக் காவிரிக்கு அழைத்துப் போய்விடுகிறது. மதிலுக்குள் விரட்டியவன் மதிலடியில் தங்கியதாகச் செய்தி இல்லை. அவன் காஞ்சியை ‘பிசீஜ்’ செய்தான் என்று எழுதினால் கல்வெட்டுக்குச் சொல்லாத வார்த்தையை ஏற்றியதாகும். சுமார் நூறாண்டு கழித்து சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் ஊருக்குள்ளேயே நுழைந்தான். அழிக்கவில்லை, கயிலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கோயிலுக்கே விட்டுக்கொடுத்து, அதைத் தூணில் கன்னடத்தில் பொறித்தும் வைத்தான்.  அவன் ஊருக்குள் நுழைந்ததற்குரிய வினை ‘கேப்சர்’, கைப்பற்றுதல்.

காஞ்சி அரசன் ஒருவன் முற்றுகையில் சிக்கியதும் உண்டு, ஆனால் காஞ்சியில் அல்ல. எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மப் பல்லவமல்லன் நந்திபுரத்தில் தமிழ் மன்னர்களால் வளைக்கப்பட்டான். அவனுடைய படைத்தலைவன் உதயசந்திரன் வந்து, எதிரணியில் இருந்த சித்திரமாயன் முதலியோரைக் கொன்று அவனை மீட்டதாக உதயேந்திரம் செப்பேடு கூறுகிறது. உள்ளே அரசன், சுற்றிலும் பகை, மீட்க வரும் மூன்றாவது படை: ‘பிசீஜ்’ இங்கே பிசகில்லாமல் அமர்கிறது. அப்படி மீட்பதை ஆங்கிலம் ‘ரிலீவ்’ என்னும்.

போர் இல்லாத இடத்திலும் இந்த வினை வரும், பெரும்பாலும் செயப்பாட்டு வினையாக. முகூர்த்தப் புடவை எடுக்க வந்த குடும்பத்தைக் கடைத் தரகர்கள் மொய்த்துக்கொண்டால் அந்தக் குடும்பம் ‘பிசீஜ்ட்’. 2019இல் காஞ்சியில் அத்திவரதரைக் காண நாள்கணக்கில் கூட்டம் திரண்டபோது ஊரே ‘பிசீஜ்ட்’ என்றாலும் தவறில்லை. பகை இல்லாவிட்டாலும் வளைப்பு இருந்தால் சரி.

இதனோடு பொருளில் நெருங்கிய ‘பிலீகர்’ டச்சு மொழியிலிருந்து வந்தது. வினையாக இப்போது அரிது. ‘பிலீகர்ட்’ என்ற பெயரடைதான் புழக்கத்தில் உள்ளது. விசைத்தறிப் போட்டியும் பட்டுநூல் விலையும் சேர்ந்து நெருக்கும் கைத்தறிச் சங்கத்துக்கு அது பொருந்தும். ‘ஹராஸ்’ வேறு. அதற்கு வளைப்பு தேவையில்லை, ஓயாமல் தொல்லை கொடுத்தால் போதும். போரிலும் சிறு படைகள் அடிக்கடி தாக்கிவிட்டு ஓடுவதற்கு அதே சொல்தான். கடன் தவணைக்காக நெசவாளர் வீட்டுக்கு ஒருவன் தினமும் வந்து மிரட்டினால் அது ‘ஹராஸ்’. அவனே ஆள் திரட்டி வந்து, யாரும் வெளியேறாதபடி வாசலையும் கொல்லையையும் மறித்தால் அது ‘பிசீஜ்’.