பாலூட்டும் தாயைக் குறை சொல்லும் முன்

"பிள்ளையை மாரில் போட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், பாசமில்லாதவள்" என்று மருமகளைக் குறித்துச் சில வீடுகளில் பேச்சு எழுகிறது. அப்படிச் சொல்லும் முன் ஒன்றை அறிந்துகொள்வோம்.

ஆட்டிசம் உள்ள பெண்களும் தாயாகிறார்கள். தமக்கு அது இருப்பதை அறியாமலே வாழ்பவர்களும் உண்டு. தொடுகையும் ஓசையும் வெளிச்சமும் இவர்களில் பலரைக் கடுமையாக வருத்தும். பிறந்த குழந்தையோ ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒவ்வொரு முறையும் அந்த வேதனையைத் தாங்குவது எளிதல்ல. அது பாசக் குறைவும் அல்ல.

வீட்டார் என்ன செய்யலாம்? பாலூட்டும் அறையில் வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறைப்போம். பார்க்க வருவோரை வெளியே அமர்த்துவோம். கேட்காமல் தாயைத் தொட்டுச் சரிசெய்யாமல், வாயால் சொல்வோம். நேரடியாகக் கொடுக்க இயலாதபோது, கையைக் கழுவிப் பீய்ச்சிய பாலைச் சுத்தமான பாலாடையில் புகட்டலாம். குழந்தை சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ எடை ஏறாவிட்டாலோ உடனே மருத்துவரிடம் காட்டுவோம்.

பாலூட்ட இரண்டு முழு ஆண்டுகளைக் குறிப்பிடும் அதே இறைவசனம் (2:233), பிள்ளையின் பொருட்டுத் தாய்க்குத் துன்பம் தரலாகாது என்கிறது. பெற்றோர் இருவரும் கலந்தாலோசித்து, மனமொத்துப் பால்குடியை முன்பே நிறுத்தினாலும் குற்றமில்லை என்கிறது. வாப்பாவும் உம்மாவும் பேசி முடிவெடுக்கட்டும். மற்றவர்கள் துணை நிற்போம்.