மாடிப்படியில் ஒரு நடனம்

கலைக்கு நிறம் இல்லை என்பார்கள். ஆனால் கலைஞரின் நிறம் பார்த்து வேடம் கொடுத்த காலம் ஒன்று ஹாலிவுட்டில் இருந்தது. ஆடல், பாடல், நகைச்சுவை நிறைந்த அந்நாளைய அமெரிக்கப் படங்களை ரசிக்கும் நாம் இதையும் அறிந்திருத்தல் நலம்.

1927-இல் வெளிவந்த ‘தி ஜாஸ் சிங்கர்’ படத்தில் ஆல் ஜோல்சன் என்னும் வெள்ளையினப் பாடகர் முகத்தில் கருமை பூசிக்கொண்டு பாடினார். கறுப்பின மக்களின் இசை வேண்டும், அவர்கள் வேண்டாம் என்பது போலல்லவா இது!

1935-இல் ‘தி லிட்டில் கர்னல்’ வந்தது. அதில் ஷெர்லி டெம்பிள் என்ற ஆறு வயதுச் சிறுமியும் பில் ராபின்சன் என்ற கறுப்பினக் கலைஞரும் கைகோத்து மாடிப்படியில் ஆடினர். காலணியால் தட்டித் தாளம் எழுப்பும் ‘டாப்’ நடனம் அது. இன ஒதுக்கல் சட்டமாகவே இருந்த தென் மாநிலங்களில் அவர்கள் கைகோத்த காட்சியை வெட்டிவிட்டுத் திரையிட்டனர். அத்தனை பெரிய கலைஞருக்குக் கதையில் கிடைத்ததோ வேலைக்காரர் வேடம்!

பாடகி லீனா ஹார்னின் நிலை இன்னும் வேதனையானது. பல படங்களில் அவருடைய பாடல்களைக் கதையோடு ஒட்டாமல் தனியாக எடுத்தனர். தென் மாநிலங்களில் வெட்டினாலும் கதை கெடக்கூடாது அல்லவா? கிழித்தாலும் குறை தெரியாத பக்கமாக ஒரு மனிதரை வைப்பது எவ்வளவு கொடுமை!

1943-இல் கறுப்பினக் கலைஞர்களையே கொண்டு ‘கேபின் இன் தி ஸ்கை’, ‘ஸ்டார்மி வெதர்’ என்னும் படங்கள் வந்தன. இரண்டாவது படத்தில் ராபின்சனே கதாநாயகன், லீனா ஹார்னே கதாநாயகி. நிக்கோலஸ் சகோதரர்கள் ஒருவரையொருவர் தாண்டிக் குதித்தபடி படியிறங்கும் நடனம் இன்றும் வியப்பூட்டுகிறது. வாய்ப்புக் கிடைத்ததும் திறமை வெளிப்பட்டது. ஆயினும் வெள்ளையருக்குச் சமமாக ஒரே படத்தில் இடம் பெற அவர்கள் மேலும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ராபின்சன் 1949-இல் மறைந்தார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1989-இல், அவர் பிறந்த மே 25-ஆம் நாளை அமெரிக்கா தேசிய டாப் நடன நாளாக அறிவித்தது.

அன்புத் தோழியரே! ஆண்டு விழா நாடகத்தில் வானதூதர் வேடம் யாருக்கு, பணிப்பெண் வேடம் யாருக்கு என்று நாம் எதைக் கொண்டு முடிவு செய்கிறோம்? குரலையும் நடிப்பையும் கொண்டா, முகத்தின் நிறத்தைக் கொண்டா? ஹாலிவுட்டைக் குறை கூறுமுன் நம் மேடையையும் ஒருமுறை பார்ப்போமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி